அப்பாவுக்கு வி.ஆர்.எஸ் லெட்டர் வந்திருக்கா? கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற அப்பா, பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார். "இதுல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா." முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரு ஃபார்முலா, கீழே ஒரு கடைசித் தேதி, அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதுதான் விருப்ப ஓய்வுத் திட்டம். ஊர் பாஷையில் வி.ஆர்.எஸ்.

ஆர்.கே.பேட்டை மாதிரி ஊரில் இந்தத் தாள் வீட்டுக்குள் வந்தால் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும். தறி, கரும்பு, நெல் என்று ஓடுகிற ஊரில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டை எல்லோரும் கவனிப்பார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து திருத்தணியோ அரக்கோணமோ போய், அங்கிருந்து ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். "என்னண்ணா, ரிட்டயர்மென்ட் வாங்கப்போறீங்களாமே, எவ்வளவு வரும்?" என்று டீக்கடையில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்குள், வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுகிற தெலுங்கு வீடுகளும் அங்கே நிறைய. எப்படிக் கூப்பிட்டாலும் கணக்கு ஒன்றுதான். அதை நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். கால்குலேட்டர் உங்கள் கையில்தானே இருக்கிறது!

முதலில், கம்பெனி ஏன் இதைத் தருகிறது?

பாசத்தில் தருவதில்லை. தொழிற்தகராறு சட்டப்படி 100 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 300 ஆக்கிவிட்டது. அனுமதிக்கு அலைவதைவிட, 'நீங்களே விருப்பப்பட்டுப் போனதாக எழுதிக் கொடுங்கள், பணம் தருகிறோம்' என்பது நிர்வாகத்துக்கு சுலபம். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் நஷ்டஈடு, பணிபுரிந்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இந்த 15 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வி.ஆர்.எஸ் கடிதத்தில் இருக்கும் எண் இதைவிட எத்தனை மடங்கு என்பதுதான் முதல் கேள்வி.

பி.எஸ்.என்.எல்: ஒரு மாதத்தில் முடிவெடுத்த குடும்பங்கள்

இந்தியாவில் சமீபத்தில் நடந்த பெரிய வி.ஆர்.எஸ் என்றால் அது பி.எஸ்.என்.எல்தான். 2019 பிப்ரவரி மாதச் சம்பளமே தாமதமாகத்தான் வந்தது. அதுவரை சம்பளம் தள்ளிப்போய்ப் பார்க்காத ஊழியர்கள். அந்த வருடம் அக்டோபர் 23-ம் தேதி மத்திய அமைச்சரவை மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நவம்பர் 4-ல் வி.ஆர்.எஸ் ஜன்னல் திறந்து டிசம்பர் 3-ல் மூடியது. 50 வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். 'ஓய்வு வயதையே 58 ஆக்கப்போறாங்க', 'ரெண்டு வருஷத்துல மூடிடுவாங்க' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்த நேரம் அது. முதல் வாரத்திலேயே சுமார் 70,000 பேர் விண்ணப்பித்தார்கள். கடைசியில் 78,500-க்கும் மேற்பட்டோர், 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். எம்.டி.என்.எல்லையும் சேர்த்தால் 92,000-ஐத் தாண்டும்.

அவர்களுக்குக் கொடுத்தது 'குஜராத் ஃபார்முலா' எனப்படும் கணக்கு. பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வுக்கு மீதியிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். ஆனால் மொத்தத் தொகை, மீதி மாதங்களில் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகளின் திட்டங்களும் இதே பாணியில்தான் இருக்கும். அதனால் இதை நிஜமாகவே போட்டுப் பார்ப்போம்.

அப்பாவுக்கு வயது 52, சர்வீஸ் 28 வருடம், ஓய்வு வயது 60. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் 1,600 ரூபாய். பார்த்த வருடங்களுக்கு 28 பெருக்கல் 35, அதாவது 980 நாள். மீதி 8 வருடத்துக்கு 200 நாள். மொத்தம் 1,180 நாள். கையில் வருவது 18 லட்சத்து 88 ஆயிரம்.

கேட்கப் பெரிசாத்தான் இருக்கும். ஆனால் 60 வயது வரை வேலை பார்த்தால் அதே 48,000 ரூபாய்க் கணக்கில், இன்க்ரிமென்ட் எதுவும் சேர்க்காமலே, 46 லட்சத்து 8 ஆயிரம். ஆக கம்பெனி தருவது அதில் பாதிகூட இல்லை.

இப்போது அப்பாவின் நண்பர் ஒருவர், அதே சம்பளம், வயது 57, சர்வீஸ் 33 வருடம். அவருக்கு 1,155 நாளும் 75 நாளும் சேர்த்து 1,230 நாள், அதாவது 19 லட்சத்து 68 ஆயிரம். ஆனால் மீதி 36 மாதச் சம்பளம் 17 லட்சத்து 28 ஆயிரம்தான் என்பதால் அதோடு நின்றுவிடும். நின்றால் என்ன? மூன்று வருடம் உழைத்து வாங்க வேண்டிய சம்பளம் முழுவதும் உழைக்காமலே வந்துவிடுகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். அவரைப் பார்த்து உங்கள் அப்பா போடக் கூடாது. ஒரே ஆபீஸ், ஒரே லெட்டர், ஆனால் 52-க்கும் 57-க்கும் இது வேறு வேறு விஷயம். 'அவரே எழுதிக் கொடுத்துட்டாராம்' என்பதைக் காரணமாகச் சொன்னால், முதலில் அவர் வயதைக் கேளுங்கள்.

(கிராஜுவிட்டி கணக்கில் மாதத்துக்கு 26 நாள் என்று வகுப்பார்கள். வி.ஆர்.எஸ் தொகைக்கு 26-ஆ 30-ஆ, சம்பளம் என்றால் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமா, மொத்தச் சம்பளமா? இதைக் கேட்காமல் எந்தக் கணக்கும் போடாதீர்கள். லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.)

பி.எஸ்.என்.எல் கதையைச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தினால், ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துங்கள். அங்கே வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் 2000-ம் வருடத்துக்கு முன்பே தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அரசுப் பென்ஷன் உண்டு. மறுமாதமே பென்ஷன் ஓட ஆரம்பித்தது, பென்ஷன் கம்யூட்டேஷனுக்கு மட்டும் 60 வயது வரை காத்திருக்கச் சொன்னார்கள். தனியார் கம்பெனி அப்பாவுக்கு இருப்பது இ.பி.எஃப்-பின் பென்ஷன்தான். 15,000 ரூபாய் உச்சவரம்பில், 35 வருடம் வேலை பார்த்தாலும் ஏறத்தாழ 7,500 ரூபாய். அதுவும் 58 வயதில். 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவிகிதம் வெட்டு. 52-ல் வாங்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அது உயிருள்ளவரை அப்படியேதான் இருக்கும்.

அந்த 18.88 லட்சத்தை பேங்க்கில் 7 சதவிகிதத்துக்குப் போட்டால் மாதம் சுமார் 11,000 ரூபாய் வட்டி. 48,000 எங்கே, 11,000 எங்கே! மீதி 37,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. வாடகை இல்லாத சொந்த வீடு, கடன் இல்லை, அம்மாவுக்குச் சம்பளம், பிள்ளைகள் படிப்பு முடிந்தது என்றால் அந்த ஓட்டை சின்னதாகிவிடும். தங்கை இன்னும் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் என்றால் பெரிதாகும்.

கம்பெனி நிஜமாகவே மூடிடுமா?

மேலே போட்ட கணக்கை ஒரே நொடியில் தலைகீழாக்கும் கேள்வி இது. கம்பெனியே இல்லாமல் போனால் 46 லட்சம் என்பது வெறும் கற்பனை.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கியது. திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் பக்கத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், இருபதுகளின் தொடக்கத்திலேயே அங்கே வேலைக்குப் போனார்கள். வரிப் பிரச்னையில் சிக்கியதால், 2014-ல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்போன் பிரிவை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் சேரவில்லை. அந்த வருடம் வி.ஆர்.எஸ் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், சிலர் வேலைதான் வேண்டும் என்று இருந்தார்கள். 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்றது.

பி.எஸ்.என்.எல்லில் நடந்தது நேர்மாறு. ரெண்டு வருஷத்தில் மூடிடுவாங்க என்று சொன்ன கம்பெனி, 2024-25 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம் காட்டியது. 2007-க்குப் பிறகு முதல் லாபம். விண்ணப்பிக்காமல் இருந்த 50 வயதுக்காரர்கள் தொடர்ந்து சம்பளம் வாங்கினார்கள்.

இரண்டையும் முன்கூட்டியே பிரித்துப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். பி.எஸ்.என்.எல்லின் முதலாளி அரசு, மூடும் முடிவுக்கு அரசியல் விலை உண்டு. நோக்கியா ஆலைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டிய கம்பெனியே கையை எடுத்துக்கொண்டது. அப்பாவின் ஆலையில் புது மெஷின் வந்து இறங்குகிறதா, பழையது வண்டியேறிப் போகிறதா? ஷிஃப்ட் குறைந்திருக்கிறதா? பி.எஃப் பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா? இந்தக் கடைசி விஷயத்தை உமங் ஆப்பில் அப்பாவின் பாஸ்புக்கைத் திறந்து நீங்களே பார்க்கலாம். பி.எஃப் கட்டாமல் இழுத்தடிக்கும் கம்பெனி தரும் வி.ஆர்.எஸ் வாக்குறுதியும் இழுத்தடிக்கப்படலாம் என்பது என் கருத்து.

ஆலை மூடுவது உறுதி என்றால், பேரம் பேச யூனியன் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் சுமார் 2,600 தொழிலாளர்கள். வருடத்துக்குச் சுமார் 115 நாள் மொத்தச் சம்பளம் என்று பேசிக்கொண்டிருந்த நிர்வாகம், போராட்டத்துக்கும் பல சுற்றுப் பேச்சுக்கும் பிறகு 2022 செப்டம்பரில் சராசரி 140 நாளுக்கு வந்தது. குறைந்தது 34.5 லட்சம், அதிகபட்சம் 86.5 லட்சம். அதாவது, முதலில் வரும் கடிதம் கடைசிக் கடிதமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தனியாகப் போய் ஹெச்.ஆரிடம் கேட்டால் எதுவும் நடக்காது என்பதும் உண்மை.

வரி எவ்வளவு போகும்?

வி.ஆர்.எஸ் தொகையில் 5 லட்சம் வரை வரி இல்லை. வாழ்நாளில் ஒரு தடவைதான். 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 10(10சி) பிரிவு. 2026 ஏப்ரல் 1-லிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டதால் ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம். இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு: 10 வருட சர்வீஸ் அல்லது 40 வயது முடிந்திருக்க வேண்டும், காலியாகும் இடத்தில் புது ஆள் போடக் கூடாது, அதே நிர்வாகத்தின் இன்னொரு கம்பெனியில் சேரக் கூடாது. 'இங்க வாங்கிக்கோங்க, நம்ம சிஸ்டர் கம்பெனியில போட்டுத் தர்றோம்' என்று வாய்மொழியாகச் சொன்னால் உஷார்.

நம் கணக்கில் 18.88 லட்சத்தில் 13.88 லட்சம் அந்த வருட வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும். நிதியாண்டின் கடைசியில் வாங்குகிறாரா, தொடக்கத்தில் வாங்குகிறாரா என்பதில்கூட வரி மாறும். சம்பளம் 11 மாதம் வாங்கிவிட்டு மார்ச்சில் இதையும் வாங்கினால் மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். கிராஜுவிட்டிக்குத் தனியாக 20 லட்சம் வரை, தனியார் ஊழியர்களின் விடுமுறைச் சம்பளத்துக்கு 25 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு. இவை வி.ஆர்.எஸ் இல்லாவிட்டாலும் அப்பாவுக்கு வர வேண்டிய பணம். கம்பெனி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 'உங்களுக்கு 40 லட்சம்' என்று காட்டினால், ஏற்கெனவே நம்முடையது எவ்வளவு, புதிதாகத் தருவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். சொசைட்டி லோன், வீட்டு லோன் பாக்கி எல்லாம் இதிலேயே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி செலவு

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் பேசியாக வேண்டும். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். பணியில் இருக்கும்போது பி.எஃப் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் இ.டி.எல்.ஐ காப்பீடும் நின்றுவிடும். சுகர், பிரஷர் உள்ள 52 வயது அப்பாவுக்குப் புதிதாக ஹெல்த் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு பாலிசி தேடாதீர்கள், அதற்கு முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இ.எஸ்.ஐயில் 5 வருடமாவது இருந்தவர் வி.ஆர்.எஸ்ஸில் வெளியே வந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி, தானும் மனைவியும் மருத்துவச் சலுகையைத் தொடரலாம். ஆமாம், நூற்று இருபது ரூபாய்தான். அதற்குக் கம்பெனி தரும் சான்று வேண்டும், வெளியே வரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்த முதல் மாதம்

ஊரில் பணம் வந்த செய்தி பணத்துக்கு முன்னாடியே வந்துவிடும். 'நாலு தறி போட்டுடுண்ணா, உட்கார்ந்த இடத்துல காசு' என்பார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் இருப்பது உண்மைதான். ஆனால் கூலிக்கு ஓட்டுகிற தறி என்பது உட்கார்ந்த இடத்தில் காசு தராது. நூல் கொடுப்பவர் கொடுத்தால்தான் ஓடும், ஆள் கிடைத்தால்தான் ஓடும். தறி வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு ஒத்துவரலாம். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர் முதல் வருடம் ஒரு தறியோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கூட்டம், லட்சத்துக்கு மாதம் இவ்வளவு ஆயிரம் என்று வரும். 2022-ல் ஆருத்ரா கோல்டு, ஐ.எஃப்.எஸ் விவகாரங்களில் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு பதிந்தது ஞாபகம் இருக்கும். லட்ச ரூபாய்க்கு மாதம் 30,000 என்பதுதான் ஆருத்ராவின் ஆசை வார்த்தை. வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கத்தில் ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்தத் தெருக்களில் கேட்டால் தெரியும்.

அப்பாவுக்கு 55 வயது ஆகியிருந்தால் வி.ஆர்.எஸ் பணத்தைத் தபால் ஆபீஸிலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். சாதாரணமாக 60 வயதுக்காரர்களுக்கான திட்டம் இது. ஓய்வூதியப் பலன் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதிகபட்சம் 30 லட்சம். 2023 ஏப்ரலில் அறிவித்த 8.2 சதவிகித வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். போடும் அன்றைக்கு என்ன வட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 52 வயது அப்பாவுக்கு இந்தக் கதவு இல்லை.

உங்களுக்கே லெட்டர் வந்தால்?

நோக்கியா பிள்ளைகள் மாதிரி இருபதுகளிலோ முப்பதுகளிலோ 'செப்பரேஷன் பேக்கேஜ்' என்று மெயில் வந்தால் கணக்கு வேறு. உங்களிடம் இருப்பது வயது. ஆனால் பி.எஃப் பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். 8 வருடத்தில் வெளியே வந்து மொத்தத்தையும் எடுத்துவிட்டால் அந்த 8 வருடம் போச்சு. எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி அடுத்த கம்பெனியில் சேர்த்துக்கொண்டால் தொடரும். அப்புறம், 'ராஜினாமா லெட்டர் கொடுத்துடுங்க, பணம் தர்றோம்' என்பது வி.ஆர்.எஸ் இல்லை. ராஜினாமா என்று எழுதிவிட்டால் ராஜினாமாதான். திட்டத்தின் பெயர், தொகை, தரும் தேதி மூன்றும் எழுத்தில் இல்லாமல் எதையும் டைப் செய்யாதீர்கள்.

எழுதிக் கொடுத்துட்டோமே, திரும்ப வாங்கலாமா?

பொதுத்துறை வங்கிகள் 2000-01-ல் வி.ஆர்.எஸ் கொடுத்தபோது, 'ஒருமுறை விண்ணப்பித்தால் வாபஸ் இல்லை' என்று விதி போட்டார்கள். மனம் மாறிய ஊழியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2002 டிசம்பரில் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியர் கொடுக்கும் விண்ணப்பம் ஒரு முன்மொழிவுதான், நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் முன் அதை வாபஸ் வாங்கலாம் என்றது. அதே சமயம் பணத்தை வாங்கி அனுபவித்துவிட்டு வழக்குப் போட்டவர்களுக்கு அந்த நிவாரணம் கிடைக்கவில்லை. எனவே ராத்திரி தூக்கம் வராமல் அப்பா மனசு மாறினால், ஏற்பு உத்தரவு வருவதற்குள் எழுத்தில் வாபஸ் கொடுக்க வேண்டும். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், மெயிலும் அனுப்புங்கள். அக்கவுன்ட்டில் பணம் ஏறிவிட்டால் அதைத் தொடாமல், அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.